வட்டு நம்முடையது, சாவி யாருடையது?

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே உரியது என்பது உலகம் ஒப்புக்கொண்ட நீதி. கடையில் ஓர் இரும்புப் பெட்டி வாங்குகிறோம். வீட்டு மூலையில் வைத்து, நிலப் பத்திரத்தையும் நகை நட்டையும் அதனுள் பூட்டுகிறோம். மூன்று ஆண்டுகள் சென்றபின் கடைக்காரர் வந்து, "நீங்கள் வீட்டு வாசற்கதவை மாற்றிவிட்டீர்களாமே! இனிப் பழைய சாவி இந்தப் பெட்டியைத் திறக்காது. புதுச் சாவிக்குப் பணம் கட்டுங்கள்" என்றால் என்ன செய்வோம்? ஊரைக் கூட்டி நியாயம் கேட்போம். ஆனால் கணினி உலகில் இதே செய்தி மின்னஞ்சலில் வந்தால், "அப்படித்தான் போலிருக்கிறது" என்று பணத்தைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்து விடுகிறோம். நாம் பேசாமல் இருப்பது சரியா என்பதே இக்கட்டுரையின் வினா.

நான் சொல்ல வருவது ரெய்டு பெட்டிகளைப் பற்றி. அதாவது நான்கைந்து ஹார்டு டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, கணினிக்கு வெளியே ஒரு சிறு பெட்டியில் வைத்து, அவை அனைத்தையும் ஒரே பெரிய வட்டாகக் காட்டும் ஏற்பாடு. "இது விஞ்ஞான மாணவர்களின் பாடு, நமக்கென்ன?" என்று இலக்கிய மாணவர்களும் வரலாற்று மாணவர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஓலைச்சுவடிகளைப் படமெடுத்துச் சேர்ப்பவர்களும், கள ஆய்வில் பாட்டிமார் பாடும் தாலாட்டைப் பதிவு செய்பவர்களும், பொங்கல் விழா நாடகத்தை மணிக்கணக்கில் படம் பிடிக்கும் நம் சங்கத்து நண்பர்களும் இன்று டெராபைட் கணக்கில் சேர்த்து வைக்க வேண்டியவர்களாகவே இருக்கிறார்கள். ஆய்வின் பயன் ஏட்டில் இருந்த காலம் போய், வட்டில் இருக்கும் காலம் வந்துவிட்டது.

முதலில் ரெய்டு என்பது என்னவென்று பார்ப்போம். 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெரிய வட்டு ஒன்றை வாங்குவதற்குப் பதிலாக, மலிவான சிறு வட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்தால் வேகமும் கூடும், செலவும் குறையும். ஒன்று பழுதானாலும் மற்றவை கைகொடுக்கும் என்பது அவர்கள் வாதம். பல வட்டுகள் இருந்தால் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் பல மடங்காகும் அல்லவா? அதற்கு அவர்கள் எடுத்துக்காட்டிய வழிகளுள் ஒன்றே இன்று ரெய்டு 5 என்று வழங்குகிறது.

அதன் சூத்திரம் மிக எளிது. மூன்று வட்டுகளில் முறையே 1, 0, 1 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுகளின் எண்ணிக்கை இரண்டு, அதாவது இரட்டைப்படை. ஆகவே நான்காம் வட்டில் 0 என்று குறித்து வைக்கிறோம். ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயிருந்தால் 1 என்று குறிப்போம். எப்படியும் நான்கையும் கூட்டினால் ஒன்றுகளின் தொகை இரட்டைப்படையாகவே இருக்கும். இனி இரண்டாம் வட்டு கெட்டுப்போகிறது. மற்ற மூன்றில் 1, 1, 0 இருக்கிறது. தொகை ஏற்கெனவே இரட்டைப்படை. ஆகவே போனது 0 தான் என்று கண்டுபிடித்து விடலாம். சில்லறைக் கணக்கில் விட்டுப்போன ஒரு தொகையை மொத்தத்திலிருந்து கண்டுபிடிக்கிறோமே, அதே முறைதான். இந்தச் சரிபார்ப்புக் குறியை ஒரே வட்டில் வைக்காமல் எல்லா வட்டுகளிலும் முறைவைத்துப் பரப்பிவிடுவது ரெய்டு 5. ஆளுக்கு 8 டெராபைட் கொள்ளும் நான்கு வட்டுகளைப் போட்டால் 24 டெராபைட் நமக்குப் பயன்படும். 8 டெராபைட் காவற்கூலி.

இந்தக் கணக்கைப் போடுபவர் யார்? இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. சில பெட்டிகளில் அதற்கென்றே தனிச் சில்லு உள்ளே இருக்கும். கணினிக்கு அந்தப் பெட்டி ஒரே வட்டாகத் தோன்றும். உள்ளே எத்தனை வட்டு இருக்கிறதென்பதுகூடக் கணினிக்குத் தெரியவேண்டியதில்லை. மற்றப் பெட்டிகள் வெறும் கூடுகள். அவற்றில் கணக்கைப் போடுவது நம் கணினியே. அதற்கான மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டும். மாக் கணினிகளை எடுத்துக்கொள்வோம். ஆப்பிள் நிறுவனம் தன் இயக்க அமைப்போடு தரும் வட்டுக் கருவி, வட்டுகளைக் கோத்து வேகம் கூட்டும். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் படியாக வைக்கும். ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும். சரிபார்ப்புக் குறியுள்ள ரெய்டு 5 அதில் இல்லை. ஆகவே அதை வேண்டுவோர் ஓ.டபிள்யூ.சி. நிறுவனத்தின் சாப்ட்ரெய்டு முதலிய தனி மென்பொருள்களை நாடுகின்றனர். கூடு ஒருமுறை வாங்குவது. மென்பொருளோ காலந்தோறும் புதுப்பிக்கப்படுவது. அந்தப் புதுப்பிப்புக்குத்தான் கட்டணம்.

மென்பொருள் எழுதுவோர் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது முறையன்று. மாக் இயக்க அமைப்பு ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. ரெய்டு மென்பொருளோ இயக்க அமைப்பின் கருவறைக்குள் நுழைந்து வேலை செய்வது. 2019-இல் ஆப்பிள் நிறுவனம், பிறர் எழுதும் மென்பொருள்கள் இவ்வாறு கருவறைக்குள் நுழைவதை இனி ஊக்குவிப்பதில்லை என்று அறிவித்தது. 2020-இல் தன் சொந்தச் சில்லுகளோடு கணினிகளை விற்கத் தொடங்கியபோது, அத்தகைய மென்பொருளை ஏற்றவேண்டுமானால் கணினியின் பாதுகாப்பு நிலையைப் பயனரே தாழ்த்தி ஒப்புதல் தரவேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. இப்படி அடித்தளம் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருந்தால், மேலே வீடு கட்டியவன் ஆண்டுதோறும் சுவரைச் செப்பனிடத்தான் வேண்டும். அந்தக் கொத்தனுக்குக் கூலி வேண்டாமா? வேண்டும். மென்பொருள் காற்றிலே விளைவதில்லை. மனிதர் இரவும் பகலும் கண்விழித்து எழுதுவது. கூலி கொடுக்க மறுப்பவர்களின் கட்சியில் நான் சேரமாட்டேன்.

ஆனால் கட்டணம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. புதிய வசதிக்குக் கட்டணம் ஒன்று. விரும்பினால் வாங்கலாம், விரும்பாவிட்டால் பழையதோடு இருக்கலாம். பராமரிப்புக்குக் கட்டணம் இரண்டாவது. பிழைதிருத்தமும் உதவியும் கிடைக்கும், கட்டாவிட்டால் கிடைக்காது. மூன்றாவது, நாம் ஏற்கெனவே சேர்த்து வைத்ததைத் திரும்பப் பார்ப்பதற்கே கட்டணம். முதல் இரண்டும் வாணிகம். மூன்றாவது வாணிகமன்று, அது சுங்கச் சாவடி. அதுவும் நம் வீட்டுக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே போட்ட சாவடி. யானையை விற்றுவிட்டுத் துறட்டிக்குச் சண்டையிட்டவனைப் பற்றி நம்மூரில் பழமொழி உண்டு. இங்கே யானையை விற்றவன் சண்டையும் இடுவதில்லை. துறட்டியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஆண்டு வாடகை வாங்குகிறான்.

இந்த வேற்றுமை பல்கலைக்கழகத்தில் வாழும் நமக்கு ஏன் முக்கியமானது? நம் பணம் வரும் வழி அப்படிப்பட்டது. ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு நிதி வரும்போது, கருவி வாங்கும் பணம் ஒரு தலைப்பிலும், அன்றாடச் செலவு வேறொரு தலைப்பிலும் வருகிறது. ரெய்டு பெட்டி கருவித் தலைப்பில் வாங்கப்படும். அதற்கு மூன்று விலைப்புள்ளி கேட்பார்கள், குழு கூடும், கையெழுத்துகள் விழும். மூன்றாண்டில் திட்டம் முடிந்துவிடும், தலைப்பும் மூடப்படும். பெட்டியோ பத்தாண்டு அங்கேயே இருக்கும். நான்காம் ஆண்டில் பழைய கணினி பழுதாகிப் புதிய கணினி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய கணினியில் பழைய மென்பொருள் ஓடாது. புதுப் பதிப்புக்குக் கட்டணம், அதுவும் அயல்நாட்டுப் பணத்தில், கடன் அட்டையில். இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது? கணக்குப் பிரிவில் விடை கிடைக்காது. வட்டுகள் நான்கும் கல்லுப்போல நன்றாயிருக்கும். உள்ளே இருக்கும் அளவீடுகளில் ஒரு புள்ளிகூட அழிந்திராது. ஆயினும் ஆய்வேடு எழுத உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அவை சந்திரமண்டலத்தில் இருப்பதும் ஒன்றே. முடிவில் பேராசிரியரோ மாணவரோ தம் கைப்பணத்தைப் போடுவார்கள். அது பெருந்தொகை இல்லாமலிருக்கலாம். ஆனால் அரசுப் பணத்தில் விளைந்த அறிவை எடுத்துப் பார்க்க ஒரு மாணவர் தம் உதவித்தொகையிலிருந்து கொடுப்பது என்ன முறை?

கட்டணம் கேட்பவர்கள் நாளையும் இருப்பார்கள் என்பதற்காவது உறுதி உண்டா? டிரோபோ என்ற பெயரை மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 2007-இல் வந்த பெட்டி அது. வெவ்வேறு அளவுள்ள வட்டுகளை அப்படியே செருகலாம், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் என்பதால் புகைப்படக்காரர்களிடையே பெயர்பெற்றது. ஆனால் அது எழுதும் முறை அந்நிறுவனத்தின் தனி இரகசியம். டிரோபோவிலிருந்து எடுத்த வட்டுகளை வேறு கணினியில் செருகினால் ஒன்றும் புரியாது. அதன் தாய் நிறுவனமான ஸ்டோர்சென்ட்ரிக் 2022 ஜூனில் திவால் பாதுகாப்புக் கோரி மனுச் செய்தது. 2023 ஏப்ரலில் கலைப்பு நடவடிக்கையாக அது மாறியது. அன்று முதல் உலகெங்கும் டிரோபோ வைத்திருந்தவர்கள், பெட்டி பழுதாகும் முன்பே உள்ளதை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள நேர்ந்தது. கட்டணம் கட்டத் தயாராயிருந்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லாத நிலை, கட்டணத்தைவிடக் கொடியது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. அன்ரெய்டு என்பதும் விலைக்கு விற்கும் மென்பொருளே. ஒருமுறை பணம் கட்டினால் வாழ்நாள் முழுதும் புதுப்பிப்பு என்றிருந்த அது, 2024 மார்ச்சில் முறையை மாற்றியது. புதிதாக வாங்குவோரின் சாதாரண உரிமங்களில் ஓராண்டுப் புதுப்பிப்பே அடங்கும். பிறகும் வேண்டுமானால் மேற்பணம் கட்டவேண்டும். முணுமுணுப்பு எழாமலில்லை. ஆயினும் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். பழைய வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த வாக்கை அவர்கள் மீறவில்லை. மேற்பணம் கட்டாதவர் தம்மிடமுள்ள பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் வட்டு வரிசையில் ஒவ்வொரு தரவு வட்டும் லினக்ஸ் கணினி எதிலும் தனியே படிக்கக்கூடிய முறையில் எழுதப்படுகிறது. நிறுவனத்தோடு உறவு முறிந்தாலும் பொருள் நம்மோடு வரும். மேலே சொன்ன மூவகைக் கட்டணத்தில் இது இரண்டாம் வகை. இதைக் கொடுக்க எனக்கு மனத்தடை இல்லை.

சினாலஜி நிறுவனத்தின் கதை இன்னும் அண்மையது. 2025 ஏப்ரலில், அவ்வாண்டின் பிளஸ் வரிசைப் பெட்டிகளுக்குத் தன் வணிகக்குறியுள்ள அல்லது தான் சான்றளித்த வட்டுகளே வேண்டும் என்று அது அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தனர். அக்டோபரில் வந்த மென்பொருட் பதிப்பில் அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் தளர்த்தப்பட்டது. வாங்குவோர் ஒன்றுசேர்ந்து 'மாட்டோம்' என்றால் பெரிய நிறுவனமும் ஆறே மாதத்தில் இறங்கி வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்னொன்றும் சொல்லவேண்டும். அப்பெட்டிகளின் உள்ளே வேலை செய்வது லினக்ஸின் பொதுவான ரெய்டு முறையே. ஆகவே பெட்டி எரிந்துபோனாலும் வட்டுகளை ஒரு லினக்ஸ் கணினியில் பொருத்தி உள்ளதை மீட்கலாம். அதற்கான வழியை அந்நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

சரி, வேறு வழி என்ன என்று கேட்பீர்கள். குறைசொல்லிவிட்டு வழிசொல்லாமல் போவது மேடைப் பேச்சாளர் பழக்கம். அதை இங்கே கைக்கொள்ள மாட்டேன்.

முதல் வழி, ரெய்டே வேண்டாம் என்பது. சிரிக்க வேண்டாம். இன்று ஒரே ஹார்டு டிஸ்க் 20 டெராபைட்டுக்கு மேலும் கொள்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு வட்டே போதும். அதன் முழுப் படியாக இன்னொரு வட்டு. முடிந்தால் மூன்றாவது படி வேறு கட்டடத்தில். நாள்தோறும் இரவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியதை மட்டும் படியெடுக்க ஆர்சிங்க் என்ற இலவச மென்பொருள் 1996 முதல் இருக்கிறது. ரெய்டு என்பது பேக்கப் அன்று என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், ரெய்டு அந்த அழிவையும் நான்கு வட்டுகளிலும் உண்மையாக நிறைவேற்றும். திருட்டுக்கும் தீக்கும் மின்னலுக்கும் அது காவலாகாது. வட்டு ஒன்று போனாலும் வேலை நிற்காமல் நடக்கவேண்டும் என்பவர்களுக்கே ரெய்டு. இரண்டு மணி நேரம் வேலை நின்றால் நம் ஆய்வு ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

அந்தக் காவலும் முழுக் காவல் என்று எண்ணிவிடக் கூடாது. 8 டெராபைட் வட்டு ஒன்று போய்ப் புதியதைப் போட்டால், நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாது எழுதினாலும் அதை நிரப்ப 11 மணி நேரத்துக்கு மேலாகும். அத்தனை நேரமும் மற்ற மூன்று வட்டுகளையும் முழுமையாகப் படித்தாக வேண்டும். சாதாரண வட்டுகள் பலவற்றுக்கு, 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகள் படிப்பதற்குள் ஒரு பிட்டு படிக்க முடியாமல் போகலாம் என்றே உற்பத்தியாளர்கள் வரையறை தருகிறார்கள். அது 12.5 டெராபைட். நாம் படிக்கவேண்டியதோ 24 டெராபைட். நடைமுறையில் வட்டுகள் இந்த வரையறையைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆயினும் நன்னம்பிக்கையின்மேல் ஐந்தாண்டு உழைப்பை அடுக்கி வைப்பது அறிவுடைமை அன்று.

இரண்டாம் வழி, இயக்க அமைப்போடு வருவதைப் பயன்படுத்துவது. மாக் கணினியில் இரண்டு வட்டுகளைக் கண்ணாடிப் படியாக வைக்கும் வசதி கூடவே வருகிறது. விண்டோஸில் 2012 முதல் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற வசதி உண்டு. அதில் சரிபார்ப்புக் குறி முறையும் இருக்கிறது, எழுதும் வேகம் மட்டும் குறைவு. நான்கு வட்டில் மூன்று வட்டின் இடம் கிடைப்பதற்குப் பதிலாக இரண்டு வட்டின் இடமே கிடைக்கும் என்பது கண்ணாடி முறையின் நட்டம். ஆனால் ஒரு வட்டின் கூடுதல் விலை ஒருமுறைச் செலவு. மென்பொருள் கட்டணமோ முடிவில்லாச் செலவு. பத்தாண்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாம் வழி, சில்லு உள்ளேயுள்ள வன்பொருள் ரெய்டுப் பெட்டி. இயக்க அமைப்பு மாறினாலும் அது அசையாது. ஆனால் பெட்டி பழுதானால் அதே வகைப் பெட்டி வேண்டியிருக்கும். டிரோபோவின் பாடம் இங்கும் பொருந்தும். படி வேறிடத்தில் இருந்தால் மட்டுமே இதை நம்பலாம்.

நான்காம் வழியே என் மனத்துக்கு உகந்தது. துறையில் ஓரமாய்க் கிடக்கும் பழைய கணினி ஒன்றை எடுத்து, அதில் லினக்ஸை ஏற்றி, வட்டுகளைப் பொருத்தி, வலையமைப்பு வழியாக எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வது. லினக்ஸில் ரெய்டை ஆளும் எம்.டி.ஏ.டி.எம். என்ற கருவியை 2001-இல் எழுதத் தொடங்கியவர் நீல் பிரவுன் என்ற ஆஸ்திரேலியர். பிற்காலத்தில் அவர் பொறுப்பிலிருந்து விலகினார், மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், வட்டுகள் எப்போதும்போல் திறக்கின்றன. எழுதியவர் விலகினாலும் பொருள் நம் கையில் நிற்பது என்றால் இதுதான். இன்னும் உறுதி வேண்டுவோர்க்கு இசட்.எஃப்.எஸ். இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005-இல் அதன் மூலநிரலை வெளியிட்டது. இன்று ஓப்பன் இசட்.எஃப்.எஸ். என்ற பெயரில் பலர் கூடி வளர்க்கிறார்கள். எழுதிய ஒவ்வொரு பகுதிக்கும் அது ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்து, வட்டு சத்தமில்லாமல் தவறாகப் படித்தாலும் கண்டுபிடித்துத் திருத்துகிறது. அமைத்த வரிசையில் பின்னர் ஒரு வட்டைக் கூட்ட முடியாதென்ற குறையும் 2025 ஜனவரியில் வந்த 2.3 பதிப்போடு நீங்கியது. கட்டளைகளைக் கண்டு அஞ்சுவோர், திரையில் சொடுக்கியே எல்லாம் செய்யும்படி அமைந்த ஓப்பன்மீடியாவால்ட் போன்றவற்றைத் தேர்ந்துகொள்ளலாம். வலையமைப்பு நொடிக்கு ஒரு கிகாபிட் என்றால் 125 மெகாபைட்டைத் தாண்டாது. நேரடியாகத் திரைப்படம் தொகுப்பவர்களுக்கு அது போதாது. சேர்த்து வைக்கவும் எடுத்துப் படிக்கவும் தாராளமாகப் போதும்.

"இலவசம் என்பது உண்மையில் இலவசமா? அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?" என்று எதிர்க்கட்சியார் கேட்பார்கள். நல்ல கேள்வி. விடையும் நேர்மையாகவே இருக்கவேண்டும். கட்டற்ற மென்பொருளுக்குப் பணம் வேண்டாம்; மனிதர் வேண்டும். இரண்டாண்டில் முதுகலை முடித்துப் போய்விடும் மாணவன் ஒருவன் தன் ஆர்வத்தால் ஒன்றை அமைத்துவிட்டு, கடவுச்சொல்லையும் தன்னோடு கொண்டுபோய்விட்டால், நிறுவனத்தின் சிறைக்குப் பதிலாக அந்த மாணவனின் சிறையில் துறை அகப்பட்டுக்கொள்ளும். ஆகவே யார் அமைத்தாலும், எந்த வட்டு எங்கே, எந்த முறை, பழுதானால் முதலில் என்ன செய்வது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டியின் மேலேயே ஒட்டவேண்டும். ஆண்டுக்கொருமுறை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதில் ஓர் இலாபமும் உண்டு. கட்டணமாகக் கொடுத்த பணம் போனால் போனதுதான். கற்றுக்கொண்ட வித்தை நம்மிடமே தங்கும், அடுத்த மாணவனுக்கும் போய்ச் சேரும்.

இது கைக்கு எட்டாத கனவென்று எண்ண வேண்டாம். 2015-இல் இந்திய அரசே தன் அலுவலகங்களில் கட்டற்ற மென்பொருளை முதலில் கருதவேண்டும் என்று கொள்கை வகுத்தது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. பள்ளிப் பிள்ளைகள் கையாள்வதைப் பட்டமேற்படிப்பு மாணவர்கள் கையாள முடியாதா?

நண்பர்களே, நான் கேட்பது பெரிய புரட்சி அன்று. உங்கள் துறையில் அடுத்த முறை சேமிப்புப் பெட்டி வாங்கும் பேச்சு வரும்போது, விலைப்புள்ளியோடு மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேட்கச் சொல்லுங்கள். மென்பொருளின் உரிமம் முடிந்தபின்னும் உள்ளிருப்பதைப் படிக்க முடியுமா? இந்த நிறுவனம் நாளை இல்லாமற்போனால், வட்டுகளை வேறு எந்தக் கணினியில், எந்த மென்பொருளால் திறக்கலாம்? பத்தாண்டில் பெட்டிக்கும் மென்பொருளுக்கும் சேர்த்து ஆகும் முழுச் செலவு என்ன? இந்த மூன்றுக்கும் நேரான விடை தருபவர் விலை சற்று மிகுத்துக் கேட்டாலும் கொடுக்கலாம். விடை தராதவர் மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மாணவர் பேச்சு கமிட்டிக் கதவைத் தாண்டுமா என்று ஐயுற வேண்டாம். பேராசிரியர்கள் பலருக்கு இந்தத் தொல்லை நம்மைவிட நன்றாகத் தெரியும். எடுத்துச் சொல்ல ஆளில்லாமல்தான் இருக்கிறது. விடுமுறைக்குமுன் நம் சங்கத்தின் சார்பில் ஒரு சனிக்கிழமை மாலையை இதற்கென ஒதுக்கினால், பழைய கணினி ஒன்றில் ரெய்டை அமைத்துக் காட்டி, ஒரு வட்டை வேண்டுமென்றே உருவி எடுத்து, மீண்டும் எல்லாம் எப்படி நிரம்புகிறதென்று யாவரும் காணச் செய்யலாம். சங்கத்து நாடகப் பதிவுகளையே முதலில் அதில் சேர்ப்போம். அவற்றைப் பார்க்க நம் தம்பி தங்கையர் எவருக்கும் கட்டணம் கட்டவேண்டி இராது.